கால் மில்லிமீட்டர்

சங்கக் கணக்கில் நூற்றுத் தொண்ணூறு யூரோ இருந்தது.
வெளியே காயானி ஊர்
மைனஸ் இருபத்தாறில் விறைத்துக் கிடந்தது.
பள்ளிக்கூடத்தின் நிலவறையில் ஏழு பேர்,
காபி, ஏலக்காய் ரொட்டி,
ஒரே ஒரு தீர்மானம்:
பிஸ்டலின் குறியை நகர்த்த ஒரு கருவி வாங்குவதா?

ஊர்ப்போவுக்குச் சம்மதமில்லை.
பித்தளைக் குச்சியும் சுத்தியலும் எதற்கு இருக்கின்றன?
அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்.
நகரும்தான்.
நகர்ந்து எங்கே நிற்கும் என்று
பழமொழி சொல்வதில்லை.
அவருடைய பிஸ்டலை மேசையில் வைக்கச் சொன்னேன்.
பின்குறியின் ஒரு காது மடங்கியிருந்தது.
ஸ்லைடு முழுக்கப் பூனை பிறாண்டிய கோடுகள்.
அவர் இன்னொரு ரொட்டியைப் பிட்டுக்கொண்டார்.

நான் பொருளாளர்; விலைப்பட்டியல் என் கையில்.
நாற்பத்தைந்து யூரோவுக்கு ஒன்று, அலுமினியம்.
எல்லாப் பிஸ்டலுக்கும் பொருந்துமாம்.
எல்லோருக்கும் நண்பன் என்பவனிடம்
நான் கடன் கேட்டுப் போனதில்லை.
இறுக்கினால் சட்டம் வளையும்; வளைந்த சட்டம்
கடைசி நொடியில் துள்ளும்.
இன்னொன்று அழகு, ஆனால்
ஒரே கம்பெனிக்கு வாக்கப்பட்டது.
மூன்றாவது எஃகு. மூன்று கிலோ. நூற்று எழுபது.
ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் திருகு.
தள்ளும் கட்டையின் முகம் சரிவாகச் சீவியிருந்தது,
குறியை அதன் தலையில் அல்ல,
வேரில் தள்ளுவதற்காக.
ஐந்து கைகள் உயர்ந்தன.

முதலில் வந்தவள் எய்லா. பனி வாரும் லாரி ஓட்டுகிறாள்.
இருபத்தைந்து மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் இடப்பக்கம்
என்றாள், ஒவ்வொரு முறையும், சத்தியமாக.
தாளில் கணக்குப் போட்டோம்: கால் மில்லிமீட்டர்.
பின்குறி வலப்பக்கம் போனால் குண்டும் வலப்பக்கம் போகும்.

லாரியின் குளிரிலிருந்து வந்த இரும்பு
வியர்த்து முடிக்க ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.
மேகசினைக் கழற்றி, அறை காலி என்று
அவள் பார்த்து, நான் பார்த்து,
ஸ்லைடை மட்டும் கருவியில் படுக்கவைத்தேன்.
குறிக்கும் ஸ்லைடுக்கும் குறுக்கே
வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு.
திருகினேன். நகரவில்லை.
இன்னும் கொஞ்சம். கைப்பிடி கல்லானது.
ஊர்ப்போவின் கண் சுத்தியலைத் தேடியது.

நிறுத்தினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்
குறியின் நடுவில் எள்ளளவு ஒரு பூட்டுத் திருகு,
பசையில் மூழ்கி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.
சாலிடர் முனையால் சூடு காட்டி அதைக் கழற்றியபின்
இரும்பு ஒரு சின்ன முனகலோடு வழிவிட்டது.
கால் சுற்று.
வெள்ளைக் கோடு இரண்டாக ஒடிந்தது.

அன்று மாலை அவள் குண்டுகள் எல்லாம் நடுவில்.
அதே பிஸ்டலில் வெய்க்கோ சுட்டார்:
நான்கு சென்டிமீட்டர், வலப்பக்கம்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
வெய்க்கோ அவள் மேகசினை வாங்கி, திரும்பி நின்று,
ஐந்தில் ஒன்றாக ஒரு போலித் தோட்டாவைச் செருகினார்.
முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில்
வெறும் கிளிக்.
வெடிக்காத அந்த வெடியில்
பிஸ்டலின் மூக்கு இடப்பக்கம் தலைகுனிந்ததை
அவளும் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை போட்டி" என்றாள் கடைசியில்.
"அதுவரை இப்படியே இருக்கட்டும்."
ஏழாவதாக வந்தாள்.

செவ்வாய் இரவு, பூட்ஸில் பனியோடு வந்து
ஸ்லைடை மேசையில் வைத்தாள்.
மறுபக்கத்திலிருந்து கால் சுற்று.
கோட்டின் இரண்டு துண்டும் நெருங்கி, தயங்கி,
தொட்டன.
பூட்டுத் திருகை அவளே முடுக்கினாள்.
கோட்டை அழிக்கத் துணி எடுத்தேன்.
வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கணக்கேட்டில் எழுதினேன்:
கருவி வாடகை மூன்று யூரோ, இருமுறை.
பழுது எங்கே என்றொரு கட்டம் இருக்கிறது.
முதல் வரியில் "பின்குறி" என்று ஏற்கெனவே இருந்தது.
இரண்டாவதற்கு என்ன எழுத என்று கேட்டேன்.
கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஆள்காட்டி விரல்."